மயிலாப்பூர் டாக்டரம்மா கொடுத்த சட்டை

அமுதா, செழியா, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். பிடுங்கிக் கிழிக்க வேண்டாம். போனில் அப்பா ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறார் என்று அத்தையிடம் குறைப்பட்டீர்களாம். இங்கே சென்னையில் போன் கடையில் பேசப் பேச கண்ணுக்கு எதிரே சிவப்பு எழுத்தில் காசு ஓடுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் அமுதா திருத்திக்கொள்ளலாம். டீச்சரிடம் மட்டும் காட்டாதே.

அம்மா எதற்கு இவ்வளவு தூரம் போகிறாள் என்று செழியா, நீ விமான நிலையத்தில் கேட்டாய். அப்போது பெட்டி நிறுக்கிற அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அடிபட்டு வருகிறவர்களுக்கு மருந்து போட்டுக் கட்டுவது நர்ஸ் வேலை. நீங்கள் பிறப்பதற்கு முன்னிருந்தே அம்மா அதைச் செய்கிறாள். ஆனால் அடித்தவன் என்று ஒருவன் இருப்பான் அல்லவா? அவனைக் கோர்ட்டில் நிறுத்தும்போது காயம் எங்கே இருந்தது, எவ்வளவு பெரிசு, துணியில் கறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அதற்குள் காயம் ஆறிப்போயிருக்கும். அதனால் முதலில் பார்த்த நர்ஸே ஒன்று விடாமல் பார்த்து எழுதி, போட்டிருந்த துணியை அப்படியே காகிதத்தில் சுற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தடயவியல் செவிலியர் என்று பெயராம். வெள்ளைக்காரர் நாட்டில் இப்போதுதான் தனிப் படிப்பாக வந்திருக்கிறது. நம் பக்கம் இன்னும் வரவில்லை.

போன வருஷம் ஈப்போ ஆஸ்பத்திரியில் அம்மாவின் வார்டுக்கு ஓர் அக்கா வந்தாள். எல்லாரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். குளிப்பாட்டினார்கள், கட்டியிருந்த துணியைத் துவைத்துக் கொடுத்தார்கள், சூடாக மைலோ கொடுத்தார்கள். கடைசியில் கோர்ட்டில் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அவளை அடித்தவன் வெளியே வந்து கார் ஏறிப் போனான். அன்று அம்மா சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்கு, "நாங்களே துடைச்சுப் போட்டுட்டோம்" என்றாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் அடிபட்ட பெண்களுக்கென்று தனி அறை திறக்கப் போகிறார்கள். இந்த வேலை தெரிந்த டாக்டரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிற நர்ஸுக்கு அந்த அறை என்று மேட்ரன் சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் சென்னையில் படித்தவர். அவருக்குப் பாடம் சொன்ன அம்மையார், போலீஸ் கேஸ்களையே பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரில் இருக்கிறார். எழுதிக் கேட்டதற்கு, "வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் வந்தது. அவர் சரி என்றால் அம்மா மூன்று மாதம் அவரிடம் படிக்கலாம். இல்லை என்றால் பழைய வார்டு, பழைய வேலை. இதுதான் விஷயம்.

முதல் நாள் காலை தி.நகர் லாட்ஜில் இறங்கியதும் பசியாறப் போனோம். இங்கே பசியாறியாச்சா என்று கேட்டால் யாருக்கும் புரியவில்லை. டிபன் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். பொங்கல் என்று ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். மேலே நெய் குளம் மாதிரி நின்றது. அதைச் சாப்பிட்டால் வேலைக்குப் போக முடியாது, பாய் விரித்துப் படுக்கத்தான் முடியும். காப்பியை நாமே இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் டீயை உயர இழுத்து ஆற்றி தே தாரிக் போடுகிற அண்ணன் நமக்காகச் செய்கிற வேலை அது. நான் ஆற்றியதில் பாதி சட்டையில் விழுந்தது. அம்மா பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று தெரியும். ஆனால் பலகைகள் பாதி மெட்ராஸ் என்கின்றன, பாதி சென்னை என்கின்றன. ஆட்டோக்காரர்கள் இன்னும் மெட்ராஸில்தான் ஓட்டுகிறார்கள்.

எங்களை ஏற்றிய ஆட்டோக்காரரிடம் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும், மயிலாப்பூர் என்று சொன்னேன். அவர் டாக்டர் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். அம்மாவின் வெள்ளைப் புடவையையும் அவள் முகத்தில் இருந்த கவலையையும் கண்ணாடியில் பார்த்தார். பிறகு வண்டியை விரட்டினார். ஒரு பாலத்தைத் தாண்டி, மரம் அடர்ந்த தெருவில் போய், அடையாற்றில் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு பயப்படுற நைனா? எங்க சித்தியும் இங்கதான் வந்துச்சு. இன்னிக்கு நல்லா நடமாடிக்கினு கீது. தைரியமா இட்டுக்கினு போ."

நாங்கள் நோயாளிகள் இல்லை என்று அம்மா விளக்கியதும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பவும் மயிலாப்பூருக்கு ஓட்டினார். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போது, வந்த சுற்றுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த ஊர் ஆட்டோக்காரர்களைப் பற்றி நம் ஊரில் பேசுகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

டாக்டரம்மா வீடு கோயில் குளத்துக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. அம்மையார் ஒல்லி, உயரம், குட்டை முடி. உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், ஆனால் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து என்ன செய்கிறேள் என்று கேட்டார். தோபி கடை வைத்திருக்கிறேன், ஈப்போவில் எங்கள் தெருவில் எந்தக் கறையாக இருந்தாலும் என்னிடம்தான் வரும் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "பேஷ், நல்ல தொழில்" என்றார். பிறகு அம்மாவிடம் ஏதேதோ கேட்க ஆரம்பித்தார். காதில் விழுந்தவரை எல்லாம் காயங்கள். ஆட்டோ பார்க்கிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

அம்மா இறங்கி வந்தபோது கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, டாக்டரம்மா கொடுத்தார் என்று மட்டும் சொன்னாள். அது பரீட்சை. யாரிடமும் சொல்லக் கூடாது, நாளைக் காலை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று உத்தரவு. இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. உங்கள் அம்மாவிடம் யாரிடமும் சொல்லாதே என்றால், அந்த யாரில் நானும் சேர்த்தி.

மத்தியானம் லாட்ஜுக்கு வந்ததும் வெயிலில் தலைவலி என்று அம்மா படுத்துவிட்டாள். பொட்டலம் மேசைமேல் இருந்தது. காற்றாடிக்கு அதன் ஒரு முனை படபடத்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சட்டையின் கை தெரிந்தது. கையில் கறை.

பிள்ளைகளே, ஒரு மீன்காரர் வீட்டு மேசையில் மீன் கிடந்தால் அவர் என்ன செய்வார்? பிரித்துப் பார்த்தேன். ஆம்பிளைச் சட்டை. தோளில் கறை, கையில் கறை. பார்த்ததுமே ரத்தம் என்று தெரிந்தது. ஆனால் டாக்டர் வீட்டுச் சட்டையில் ரத்தம் இருப்பது மெக்கானிக் வீட்டுச் சட்டையில் எண்ணெய் இருப்பது மாதிரிதானே? நான் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு, சரி இவனும் சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு துணியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அம்மா சங்கடப்பட்டு என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இந்தச் சட்டை பளிச்சென்று திரும்பிப் போனால் அம்மா காரியம் நடந்துவிடும் என்றும் தோன்றியது.

ரத்தக் கறைக்கு வெந்நீர் காட்டக் கூடாது, அது துணியோடு சேர்ந்து வெந்துவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்தேன். அலசினேன், சோப்புப் போட்டேன், மறுபடி அலசினேன். மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். லாட்ஜ் மேனேஜர் பாய் தன் தம்பியிடம் உருதுவில் என்னவோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை சார். மலேசியாக்காரர் ரூமுக்குக் காசு கட்டிட்டு மாடியில குடியிருக்கார்னு சொன்னேன்" என்று தமிழில் சொன்னார்.

இங்கத்து வெயில் நம் ஊர் டிரையரைவிட வேகம். சட்டை காய்ந்ததும் பார்த்தால் பை ஓரத்தில் கிழிசல், ஒரு பித்தான் வேறு இல்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் ஊசி, நூல், பித்தான் வாங்கித் தைத்தேன். மரத்தடியில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவரிடம் பெட்டியைக் கொஞ்சம் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். கரி போட்ட பெட்டி, கை ஒடிகிற கனம். என் வேலையைப் பார்த்துவிட்டு அவரே காசு வேண்டாம் என்றார். மடித்து, அதே காகிதத்தில் சுற்றி, அதே இடத்தில் வைத்தேன். அம்மா எழுந்ததும் நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். நான் பல் துலக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல என் வாயில் இருந்த பேஸ்ட் கசந்தது. டாக்டரம்மா சந்தையில் ஆட்டு ரத்தம் வாங்கி, எந்த இடத்தில் எப்படித் தெளித்தால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுச் செய்த சட்டை அது. கிழிசலும் அவர் கிழித்தது. பித்தானும் அவர் பிய்த்தது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புடவை மாற்றிக்கொண்டு, போகலாம் என்றாள்.

ஆட்டோவில் எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போனது. தெருவெல்லாம் குட்டை. எங்கள் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியதில் என் தலை கம்பியில் இடித்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "கெட்டியா புடிச்சுக்கோ சார்" என்றார். தலை இடித்த வேகத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பொட்டலம் குட்டையில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன? தண்ணீர்பட்டுக் கறை போய்விட்டது. யார்மேலும் தப்பு இல்லை. இன்னொரு சட்டை கொடுப்பார். அம்மாவிடம் சொன்னேன். அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தாள். பதில் சொல்லவில்லை. சரி என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா கதவைத் திறந்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் லாரி, குழி, ஆட்டோ குலுங்கியது, பொட்டலம் குட்டையில் விழுந்தது எல்லாம் சொன்னேன். டிரைவர் பேசியதைக்கூடச் சேர்த்துக்கொண்டேன். அம்மையார் முழுக்கக் கேட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கோ, சிஸ்டர்" என்றார்.

அம்மா உட்காரவில்லை. பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"நேத்து சுத்தறதுக்கு முன்னால நீங்க விரிச்சுக் காட்டினப்ப சட்டை வெள்ளையா, இடது தோள்லயும் இடது கையிலயும் கறையோட இருந்தது. பை கிழிஞ்சிருந்தது. மேலேருந்து ரெண்டாவது பித்தான் இல்லை. ரூம்ல மேசைமேல வச்சேன். பூட்டி வைக்கலை, தூங்கிட்டேன். அது என் தப்பு. இன்னிக்குக் காலையில பிரிச்சப்ப கறை இல்லை. தான் துவைச்சுத் தைச்சதா இவர் என்கிட்ட சொன்னார். துவைச்சதை நான் பார்க்கலை. இப்ப குட்டையில விழுந்ததா சொல்றார். ஆட்டோவுல பொட்டலம் என் மடியில இருந்தது. விழலை."

பிள்ளைகளே, கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுத்தவர் முன்னால் உங்கள் அம்மா என்னை விட்டுக்கொடுத்துப் பேசியது கிடையாது. கடையில் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் யூனிபார்மை நான் பொசுக்கியபோதுகூட இஸ்திரிப் பெட்டியைத்தான் குறை சொன்னாள். இப்போது முன்பின் தெரியாத அம்மையார் முன்னால், குரல் ஏறாமல், ஆஸ்பத்திரியில் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற மாதிரி, என்னை அப்படியே எடுத்து வைத்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பிரித்தார். சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். காலரைத் தடவினார்.

"குட்டைல விழுந்த சட்டைக்குப் பித்தான் முளைச்சிருக்கே, சார்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இஸ்திரி பிரமாதம். அதுல ஒண்ணும் குறை சொல்றதுக்கில்லை." சட்டையை மடித்து வைத்துவிட்டு, என்னை எதிரில் உட்காரச் சொன்னார். "உங்காத்துக்காரியைப் பத்தி நான் கேட்க வேண்டியது முடிஞ்சுடுத்து. உங்களைத்தான் கேட்கணும். நாளைக்கு உங்க ஊர்ல இவ இந்த வேலையில இருப்பா. அடிச்சவனோட அண்ணன் உங்க கடைக்கே வருவான். பழகினவனா இருப்பான். கொஞ்சம் மாத்திச் சொல்லச் சொல்லுங்கோ, அடிபட்டவளே கீழே விழுந்துட்டான்னு சொன்னாப் போறும்பான். அப்போ என்ன பண்ணுவேள்?"

இது வேடிக்கைக் கேள்வி இல்லை என்று தெரிந்தது. அப்படிக் கேட்கக்கூடிய முகங்கள் நம் தெருவிலேயே எனக்கு ஞாபகம் வந்தன. மாதக் கணக்கில் துணி போடுகிறவர்கள். திருவிழாவில் பக்கத்தில் நின்று சாமி கும்பிடுகிறவர்கள். அவர்களுக்காக இல்லை, வெறும் ஒரு சட்டைக்காகவே நான் குட்டை, லாரி எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.

"சொல்லிப் பார்க்க மாட்டேங்க" என்றேன். "சொன்னாலும் அவ கேட்க மாட்டா. இப்பதானே பார்த்தேன்."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து தெரிகிறது.

"திங்கக்கிழமை காலம்பற வந்துடுங்கோ, சிஸ்டர். வேற சட்டை தரேன்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவர் ஏரோப்ளேன் ஏறினப்புறம்."

வெளியே வந்து குளத்தைச் சுற்றி நடந்தோம். பூக்கடை, தேங்காய்க்கடை, பாத்திரக்கடை என்று வரிசையாக இருந்தன. ஒரு கடை வாசலில் நின்று சுடச்சுட கீரைவடை வாங்கினேன். அம்மா பாதியைக் கடித்துவிட்டு, கோபமா என்று கேட்டாள். கோபம் இல்லை, காதுதான் இன்னும் சுடுகிறது என்றேன்.

"நீங்க துவைச்சதை நான் பார்த்திருந்தா அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"அந்த மட்டுக்கும் தூங்கினியே" என்றேன். வடை தொண்டையில் மாட்டிக்கொள்கிற மாதிரி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை அது. மூன்று மாதம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அங்கே நின்றபடியே காலையில் யார் என்ன செய்வது என்று பேசினோம். சோறு, குழம்பு நான் பார்த்துக்கொள்வேன். யூனிபார்ம் பற்றிக் கேட்கவே வேண்டாம். செழியன் பல் துலக்கினானா என்று வாயை மோந்து பார்க்க வேண்டுமாம். அமுதாவின் தலை என்று அம்மா ஆரம்பித்து நிறுத்தினாள். முழங்கை நீளம் இருக்கே, வெட்டிவிடலாமா என்றாள். வேண்டாம் என்றேன். உங்களுக்குப் பின்ன வருமா என்று அவள் கேட்கவில்லை. நானும் வரும் என்று சொல்லவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா அவளை ஆழ்வார்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதி பார்க்கக் கூட்டிப் போனார். அங்கே ஆம்பிளைகள் கேட்டைத் தாண்டக் கூடாதாம். நான் மட்டும் தி.நகருக்குத் திரும்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் விசில் ஊதுகிறார். காசுதான் கைமாறி கைமாறி அவரிடம் போகிறது. டிக்கெட்டும் அப்படியே திரும்பி வருகிறது. நடுவில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நடத்திக்கொண்டு போகும். அது என்னை ஒரு வளையல் கடை வாசலில் கொண்டுபோய் விட்டது. உள்ளே சவுரிகள் குதிரைவால் மாதிரி வரிசையாகத் தொங்கின. நீளமானதாக ஒன்று கேட்டேன். கடைக்கார அம்மா என் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "உனக்கா நைனா?" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிவப்பு ரிப்பனும் ஒரு முழம் சேர்த்து வாங்கினேன்.

அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். சவுரியை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினேன். தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி அதற்கும் கொஞ்சம் தடவி, சீப்பால் சிக்கெடுத்தேன். மூன்றாகப் பிரித்தேன். வலதை நடுவுக்குக் கொண்டுவந்தால் இடது கை நழுவுகிறது. இடதைப் பிடித்தால் நடுவில் இருந்தது எது என்று மறந்துபோகிறது. முதலில் வந்தது ஆடு கட்டுகிற கயிறு மாதிரி இருந்தது. அடுத்தது மேலே இறுகி, கீழே ஊதிக்கொண்டது. கீழே தெருவில் யாரோ பழம் கூவி விற்றார்கள். வெயில் ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்தது. விரல் மெல்ல வழிக்கு வந்தது. கடைசியில் ஒன்று நேராக நின்றது. ரிப்பனைச் சுற்றி நுனியில் முடிச்சுப் போட்டு, ஓடுகிற பெண்ணுக்கு இது தாங்குமா என்று இழுத்து ஆட்டிப் பார்த்தேன். தாங்கியது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மறுபடி மேலேயிருந்து பின்ன ஆரம்பித்தேன்.